நூலை இழுத்த கை

என் சின்னவனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் அக்காவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த அளவில் சுகம். நீ சுகமா என்று கேட்டால் சுகம் என்று பதில் வரும், அதனால் இந்தத் தடவை கேட்காமல் விடுகிறேன். கையில் போன் இருக்கும்போது இவள் ஏன் மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ நினைக்கலாம். போனில் நான் உன்னைப் பேசவே விடுவதில்லை என்று அக்கா சொல்கிறாள். நீ ஒரு வார்த்தை சொல்வதற்குள் பத்துக் கேள்வி போட்டுவிடுகிறேனாம். கடிதத்தில் அந்த வம்பு இல்லை, நான் பேசி முடித்த பிறகு நீ படிப்பாய், பிடிக்காவிட்டால் மடித்து வைத்துவிடுவாய். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை. நம் இன்ஸ்பெக்டருக்கு வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்திருக்கிறது. இன்றோடு ஆறு நாள். உள்ளே போட்ட தையல் பிடிக்கிறதா என்று பத்து நாள் போனால்தான் தெரியும் என்கிறார் டாக்டரம்மா. அதை அந்த நிலைமைக்குக் கொண்டுபோனது வேறு யாரும் இல்லை, நான்தான்.

இன்ஸ்பெக்டரை நீ போட்டோவில்தான் பார்த்திருக்கிறாய். மூன்று மாதத்துக்கு முன் டிப்போவில் அப்பாவின் பஸ்ஸுக்கு அடியில் கிடந்த நாய்க்குட்டி, ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடிந்து. வண்டியை எடுக்க மனம் வராமல் சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். வந்த அன்றைக்கே கட்டிலடி, பீரோவடி, என் மெஷினடி என்று ஓரிடம் விடாமல் முகர்ந்து பார்த்தது. செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறிட்டாரு, எல்லாரும் டிக்கெட்டைக் கையில வெச்சுக்குங்க என்றார் அப்பா, அதுவே பெயராக நின்றுவிட்டது. செக்கிங்கோடு நின்றிருந்தால் பரவாயில்லை, பறிமுதலும் செய்தது. பட்டன், கொக்கி, எலாஸ்டிக் துண்டு, நான் கோடு போடுகிற சாக்பீஸ், மெஷின் எண்ணெய் டப்பாவின் மூடி. தெருவுக்குக் கூட்டிப்போனால் சிகரெட் துண்டும் பிளாஸ்டிக் கவரும். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்த எலி மருந்துக் கட்டியை முகர்ந்துகொண்டு நின்றது. அப்போது நான் என்ன செய்வேன் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா. அது எதையாவது கவ்வியது கண்ணில் பட்டால் போதும், தைக்கிற துணியை அப்படியே விட்டுவிட்டுக் கத்திக்கொண்டே ஓடுவேன், தாடையை இரண்டு கையாலும் பிளந்து விரலை விட்டுத் தோண்டி எடுப்பேன், எடுத்ததை அதன் மூக்குக்கு நேரே ஆட்டி நாலு திட்டும் திட்டுவேன். ஆரம்பத்தில் பத்துக்கு எட்டுத் தடவை எடுத்துவிட்டேன். போகப்போக நான் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டாலே மடக்கென்று விழுங்கிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்து என்னைப் பார்க்கும். திருட்டுப் பயலே என்று சிரித்துக்கொண்டேதான் திட்டினேன். மறுநாள் பின்பக்கமாக எல்லாம் வந்துவிடும், நாலு துளைப் பட்டன் வந்தாயிற்று, கொக்கி வந்தாயிற்று என்று நானும் குச்சியை வைத்துக் கிளறிப் பார்த்து நிம்மதியாகிவிடுவேன். உன் அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு, பிஎச்டி பண்றியாம்மா என்று கேட்டாள்.

நான் பயந்ததெல்லாம் ஊசிக்குத்தான். குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டு தைக்கிற பழக்கத்தைக்கூட அதற்காகவே விட்டேன். வேலை முடிந்ததும் தரையெல்லாம் காந்தத்தை ஓட்டுவேன், இந்த மூன்று மாதத்தில் ஒரு ஊசிகூட அதன் வாய்க்குப் போனதில்லை என்று எனக்குப் பெருமை. காந்தத்தில் நூல் ஒட்டாது என்பது எந்த மடைச்சிக்கும் தெரியும், எனக்கு உறைக்கவில்லை. நூல்தானே, மெத்தென்று இருக்கிறது, அது என்ன செய்துவிடும் என்று இருந்துவிட்டேன். போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவுக்கு நாற்பது ஃப்ராக் தைக்க வந்தது, எல்லாம் இடுப்பில் சுருக்கு வைத்தது. சுருக்கு வைப்பதை மெஷினடியில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவன் நீ, ஆனாலும் எழுதுகிறேன், அது புரிந்தால்தான் மற்றது புரியும். துணியின் ஓரத்தில் தளர்வாக ஒரு தையல் ஓட்டிவிட்டு, நூலின் ஒரு முனையை முடிச்சுப் போட்டு மறு முனையை இழுத்துக்கொண்டே வந்தால், துணி மடிப்பு மடிப்பாக நூலின்மேல் ஏறி ஒடுங்கிக்கொள்ளும். இழுத்து இழுத்து என் ஆள்காட்டி விரலில் கோடே விழுந்திருக்கிறது. அன்றைக்கு வெட்டிப் போட்ட கெட்டி நூல் தரையெல்லாம் கிடந்தது, அதில் ஒரு கொத்தை இன்ஸ்பெக்டர் வாயில் வைத்துச் சும்மா சப்பிக்கொண்டிருந்தது. சப்பிக்கொண்டுதான் இருந்தது, அதை நான் பார்த்தேன். நான் வழக்கம்போலக் கத்திக்கொண்டு ஓடினேன், அது வழக்கம்போல விழுங்கிவிட்டது.

இரண்டு நாள் வாந்தி எடுத்தது, தண்ணீர்கூட நிற்கவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. ஏதோ சேரவில்லை, பட்டினி போட்டால் சரியாகிவிடும் என்று நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் பின்னால் இரண்டு விரல் நீளத்துக்கு நூல் தொங்கியது. அப்பாடா, வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். தொங்குகிற நூலைக் கண்டால் தையல்காரியின் கை சும்மா இருக்குமா, பிடித்து இழுத்தேன். கொஞ்சம் வந்தது, பிறகு எங்கோ பிடித்துக்கொண்டது. துணியில் அப்படிப் பிடித்தால் இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுப்பேன். அப்படித்தான் இழுத்தேன். அது கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. அப்பா டியூட்டிக்குப் போயிருந்தார், பாதி தைத்த ஃப்ராக் ஒன்றில் அதைச் சுற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். அக்கா இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள், அப்பாதான் குரு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் காலில் சுளுக்கு வந்ததுதான் மிச்சம். அன்றைக்கு அவள் தனியாகவே ஓட்டினாள், ஒரு சிக்னலிலும் வண்டி நின்றுபோகவில்லை.

நாய்க்கு ஆஸ்பத்திரி என்றால் எனக்குச் சிரிப்பு வரும், அங்கே போய் உட்கார்ந்து அழுதேன். டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். ஸ்கேன் எடுத்து என்னைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். எனக்கு அதில் ஒன்றும் புரியாது என்று நினைத்துத்தான் காட்டியிருப்பார், ஆனால் பார்த்த உடனே புரிந்துவிட்டது. நூலின் ஒரு முனை இரைப்பையில் சிக்கியிருக்கிறது, மறு முனையை நான் இழுத்திருக்கிறேன், நடுவில் இருந்த குடல் முழுவதும் அந்த நூலின்மேல் ஏறிச் சுருக்கு விழுந்திருக்கிறது. நாற்பது ஃப்ராக்கிலும் நான் வைத்த அதே சுருக்கு. இறுகின இடத்தில் நூல் குடலை அறுத்துவிட்டதாம். நூல் எங்க தெரிஞ்சாலும் இழுக்கவே கூடாதும்மா, வாயில தெரிஞ்சாலும் சரி பின்னால தெரிஞ்சாலும் சரி, அப்படியே விட்டுட்டு எங்ககிட்டத் தூக்கிட்டு வந்திரணும் என்றார். திட்டவில்லை, திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஒரு சாண் குடலை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்துத் தைத்தார். நானும் தையல்காரிதான், என் தையல் அறுக்கிறது, அவர் தையல் சேர்க்கிறது.

ஆபரேஷன் முடிந்து வந்து கையைக் கழுவிக்கொண்டே கேட்டார், அது வாயில எதையாவது எடுத்தா நீங்க என்ன செய்வீங்க என்று. ஓடிப்போய்ப் பிடுங்குவேன் என்று பெருமையாகத்தான் சொன்னேன். அதனாலதான் முழுங்குது என்றார். நாய்க்குட்டி எல்லாத்தையும் வாயில வெச்சுப் பாக்கும், அதுக்குக் கை கிடையாதில்ல, தின்னணும்னு வெக்கிறதில்ல, கொஞ்ச நேரம் வெச்சிருந்துட்டு அதுவே போட்டுடும். நீங்க கத்திட்டு ஓடி வந்தா, பிடுங்கப் போறாங்கன்னு அதுக்குத் தெரிஞ்சுடுது, ஒளிச்சு வெக்க அதுக்கு வேற எடம் ஏது, வயிறுதான். இதைச் சொல்லிவிட்டு அந்தப் பெண் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த நாயைப் பார்க்கப் போய்விட்டது.

திரும்பும்போது அப்பா டிப்போவிலிருந்து வந்து எங்களோடு காரில் ஏறிக்கொண்டார். டாக்டரம்மா சொன்னதை அவரிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, நூறு பேரை ஏற்றிக்கொண்டு நாளெல்லாம் ஓட்டுகிற மனுஷன் வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தவர், சின்னவனும் அப்படித்தானே என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரை அங்கேயே இறக்கிவிட்டிருப்பேன். பெற்று வளர்த்த பிள்ளைக்கும் நாய்க்கும் வித்தியாசம் தெரியாதா என்று கேட்க வாயைத் திறந்தேன்.

அதற்குள் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. உனக்குப் பதினாலு வயதில் பீரோத் துணிக்கு அடியில் ஒரு கவிதை நோட்டு ஒளித்து வைத்திருந்தாய். அதை எடுத்து இந்தக் கூடத்தில் நின்று சத்தமாகப் படித்தேன், அக்கா சிரித்தாள், நானும் சிரித்தேன், நீ பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். பிறகு இந்த வீட்டில் நீ ஒரு வரிகூட எழுதி நான் பார்த்ததில்லை. திருந்திவிட்டான் என்று நினைத்தேன். உன்னோடு படித்த அந்தப் பெண்ணின் பெயர் உன் போனில் தெரிந்ததும், உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவள் அம்மாவுக்கே போன் போட்டேன். நல்ல விதமாகப் பேசி முடிக்கலாம் என்றுதான் போட்டேன், சத்தியமாக அதுதான் என் எண்ணம், ஆனால் பேசியது நான், அது எப்படி முடிந்தது என்று உனக்குத் தெரியும். அன்றைக்கும் நீ சத்தம் போடவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தாய். மூன்று மாதத்தில் வெளியூர் வேலை கிடைத்துவிட்டது என்று பெட்டியைக் கட்டினாய், என் பிள்ளை கெட்டிக்காரன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு என்னால் ஒரு துணியை ஒழுங்காக வெட்ட முடியவில்லை, போன திங்கட்கிழமை ஒரு முழுக்கைச் சட்டையை அரைக் கையாக வெட்டிவிட்டேன். மூன்று வாரத்துக்கு முன் ஒரு மத்தியானம் நீ போனை எடுக்கவில்லை. என் கை பரபரத்தது. அவசரத்துக்கு என்று எப்போதோ நீ கொடுத்த ஆபீஸ் நம்பருக்கு அடித்தேன். எடுத்த பெண், அவரு இங்கேருந்து போய் நாலு மாசம் ஆச்சேம்மா என்றது. நாலு மாதம். அந்த நாலு மாதமும் நீ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிட்டு, ஆபீஸில் வேலை கழுத்தை நெரிக்கிறது, புது மேனேஜர் நல்லவர், கேண்டீனில் சாப்பாடு பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறாய். அந்த மேனேஜருக்கு நான் ஒரு சட்டை தைத்து அனுப்பட்டுமா என்றுகூடக் கேட்டேன். வேண்டாம்மா என்றாய். எந்த நேரத்தில் எழுந்திருக்கிறாய், எங்கே போகிறாய், நாலு மாதமாக யாரோடு பேசுகிறாய் என்று எனக்குத் தெரியாது. வேலை போனதுதான் விஷயமா, அதற்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணா. துணி வெட்டும்போது பயம், அடுப்பைப் பற்ற வைக்கும்போது பயம், போன் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது, வேலை எப்படிப்பா போகுது என்று நான் கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன், உன் வாயிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று. நீ பதில் சொல்வதற்கு முன் ஒரு நொடி நிறுத்தினாய், அப்புறம் நல்லா போகுதும்மா என்றாய். அந்த ஒரு நொடியில் நீ விழுங்கியது எனக்குக் கேட்டது.

இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்துவிட்டது. தையலைக் கடிக்காமல் இருக்கக் கழுத்தில் பெரிய பிளாஸ்டிக் கூம்பு மாட்டியிருக்கிறது, நடக்கும்போது கதவிலெல்லாம் இடித்துக்கொள்கிறது. மெஷின் இருக்கிற அறைக்குக் குறுக்கே அப்பா ஒரு பலகையை வைத்து அடைத்திருக்கிறார். நானும் அவரும் தரையில் அதன் உயரத்துக்குக் குனிந்து தவழ்ந்து, அதன் கண்ணுக்கு என்னென்ன தெரியும் என்று பார்த்துப் பொறுக்கினோம், இரண்டு கிழங்கள் தவழ்வதைப் பார்த்து அக்கா கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள். டாக்டரம்மா ஒரு வழி சொல்லிக்கொடுத்திருக்கிறார். அது எதையாவது கவ்வினால் ஓடக் கூடாது, சத்தம் போடக் கூடாது, முகத்தைக்கூடச் சாதாரணமாக வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிடித்த தீனியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, விடு என்று மெதுவாகச் சொல்லிக் காத்திருக்க வேண்டும். அதுவாகப் போட்டால் தீனியைக் கொடுத்துவிட வேண்டும், கீழே போட்டதை அதன் கண்ணுக்கு எதிரே வெடுக்கென்று எடுக்கவும் கூடாது. பழகப் பழக, வாயில் இருப்பதைக் கொடுத்தால் நல்லதுதான் நடக்கும் என்று அதற்கு நம்பிக்கை வரும், தெருவில் எலி மருந்தே கிடந்தாலும் ஒரு சொல்லுக்கு விட்டுவிடும், அதற்கு வேறு மருந்து இல்லை என்றார்.

நேற்று கூம்பைக் கொஞ்ச நேரம் கழற்றிவிட்டு, வேகவைத்த கோழியை நார் நாராகப் பிய்த்து அப்பா தரையில் உட்கார்ந்தார். அது எங்கிருந்தோ ஒரு காலுறையைக் கவ்விக்கொண்டு வந்தது. விடுப்பா என்றார், அவ்வளவுதான், போட்டுவிட்டது. மூன்று தடவை செய்தார், மூன்று தடவையும் போட்டது. பிறகு நான் உட்கார்ந்தேன். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன், கையைப் பின்னால்கூடக் கட்டிக்கொண்டேன், கோழியை மடியில் வைத்தேன். அதன் வாயில் ஒரு சட்டைப் பட்டன் இருந்தது, எல்லாம் பொறுக்கிய பிறகும் அது எங்கிருந்து எடுத்ததோ. விடு தங்கம் என்று நான் சொன்னதுதான் தாமதம், என் கண்ணைப் பார்த்துக்கொண்டே விழுங்கிவிட்டது. கோழி அங்கேயே இருக்கிறது, தையல் போட்ட வயிறு, நான் அசையக்கூட இல்லை. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தோம், சின்னதுதான், வந்துவிடலாம், வராவிட்டால் மறுபடியும் திறக்க வேண்டும், காத்திருங்கள் என்றார். காத்திருக்கிறோம். உங்களுக்கு நாளாகும்மா, மத்தவங்களுக்கு ஒரு வாரம்னா உங்களுக்கு ஒரு வருஷம் ஆகலாம், ஒருவேளை உங்ககிட்ட மட்டும் வராமலேயே போகலாம் என்றும் சொன்னார். நல்ல பெண், பொய் சொல்லத் தெரியவில்லை.

நேற்று ராத்திரி முழுவதும் யோசித்தேன். உன்னை இப்படி வா, உட்கார், சொல் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நான் மாறிவிட்டேன், இனிமேல் திட்ட மாட்டேன், நம்பு என்று எழுதலாம், அதை நீ ஏன் நம்ப வேண்டும். ஆபீஸுக்குப் போன் செய்ததும் நான்தானே. அப்பாவிடம் கேட்டேன், உங்ககிட்டயாவது சொன்னானா என்று. எப்பச் சொல்றது, நீ போனைக் குடுத்தாத்தானே என்றார். எண்ணிப் பார்த்தேன், நீ ஊரை விட்டுப் போனதிலிருந்து அவரிடம் நான் போனைக் கொடுத்தது, கடைசியில், இந்தாங்க ஒரு ஹலோ சொல்லுங்க என்பதற்குத்தான். உனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவரிடம் சொல். வேலையைப் பற்றியோ மற்றதைப் பற்றியோ, எதுவானாலும் சரி. அவர் உன்னைக் கேள்வி கேட்க மாட்டார், அந்த மனுஷனுக்குக் கேட்கவே வராது. நீ சொன்னதை என்னிடம் சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். நான் சண்டை போட்டாலும் அழுதாலும் சொல்லக் கூடாது. தாங்குவியா என்று கேட்டார். தாங்க மாட்டேன், ஆனாலும் சொல்லாதீங்க என்றேன்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும் என்று இல்லை. வேலை இல்லாத பிள்ளையானாலும் நீ என் பிள்ளைதான், திரும்பி வந்தாலும் உன் கட்டில் இருக்கிறது, வராவிட்டாலும் இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு. பகலில் ஜன்னலைத் திறந்து வை. உனக்கு ஒரு குறையும் வராமல் நீ நூறு வருஷம் இருக்க வேண்டும், எனக்கு மிச்சம் இருக்கிற ஆயுசும் உனக்கே சேரட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை நான் வீட்டில் இருக்க மாட்டேன். அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன், என் போனை இங்கேயே வைத்துவிட்டுப் போவேன். அந்த இரண்டு மணி நேரமும் அப்பா மட்டும்தான் இருப்பார், அவர் நம்பருக்குக் கூப்பிடு. ஆறு மணிக்குத் திரும்பி வந்ததும் அவர் முகத்தைப் பார்க்காமல் நேரே உள்ளே போய்விடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா